மதுரை சேதுபதி பள்ளியைச் சுற்றி ஒரு நடை: பாலவனத்தம் ஜமீன்தார் விட்டுச்சென்ற தடங்கள்

அருப்புக்கோட்டை,

விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டை செல்லும் ரோட்டில் உள்ளது பாலவனத்தம். பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் கரிசல் காடு, சீமைக்கருவேலம், பாதி நாள் வறண்டு கிடக்கிற கண்மாய். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் மதுரைக்கு பஸ் ஏறு என்பதுதான் இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம். ஆஸ்பத்திரிக்கு மதுரை, கல்யாண ஜவுளிக்கு மதுரை, பிள்ளைகளின் படிப்புக்கும் மதுரை.

அப்படிப் போகிற நம்ம ஊர்க்காரர்கள் பல பேர் வடக்கு வெளிவீதியில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போய் வருகிறார்கள். அதுதான் சேதுபதி மேல்நிலைப்பள்ளி. பாரதியார் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம் என்று ஆட்டோக்காரர் கூட சொல்லி விடுவார். ஆனால் பாரதியார் அங்கே காலடி எடுத்து வைப்பதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பள்ளியின் சரித்திரத்தில் பாலவனத்தத்தின் பெயர் ஏறி விட்டது. இந்த விஷயம் பாலவனத்தத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பள்ளியில் பிறந்த சங்கம்

1901-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ந்தேதி. மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த பெரிய மனிதர்கள் எல்லாம் கூடினார்கள். அன்றைக்கு அங்கே தொடங்கப்பட்டதுதான் மதுரை தமிழ்ச்சங்கம். பாண்டிய மன்னர்கள் காலத்து 3 சங்கங்களுக்குப் பிறகு வந்தது என்பதால் இதை நான்காம் தமிழ்ச்சங்கம் என்று சொல்வது உண்டு. இதை முன்னின்று நடத்தியவர், தலைவராக இருந்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரை தேவர். அப்போது அவருக்கு வயது 34.

சங்கம் தொடங்க ஏன் ஒரு பள்ளிக்கூடம்? பள்ளியின் பெயரிலேயே பதில் இருக்கிறது. சேதுபதி என்பது ராமநாதபுரம் ராஜாக்களின் பட்டப்பெயர். அப்போது ராமநாதபுரம் சேதுபதியாக இருந்தவர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் 1893-ம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோ மாநாட்டுக்குப் போவதற்கு தூண்டுதலாக இருந்தவர் இவர்தான். இவரும் பாண்டித்துரை தேவரும் அண்ணன், தம்பி பிள்ளைகள். ஆக, சொந்தக்காரர் பெயரில் இருக்கிற பள்ளிக்கூடத்தில்தான் பாலவனத்தம் ஜமீன்தார் சங்கத்தை தொடங்கி இருக்கிறார்.

குறள் கிடைக்காத மதுரை

சங்கம் பிறந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். தமிழ் படித்தவர்கள் எல்லோரும் சொல்லும் கதைதான். பாண்டித்துரை தேவர் ஒருமுறை மதுரைக்கு சொற்பொழிவு ஆற்ற வந்தாராம். பேச்சுக்கு குறிப்பு எடுக்க திருக்குறளும், கம்பராமாயணமும் வேண்டும் என்று கேட்டார். தங்கி இருந்த இடத்தில் இல்லை. தெரிந்தவர்கள் வீட்டில் விசாரித்தார்கள், அங்கேயும் இல்லை. சங்கம் வைத்து தமிழ் வளர்த்த ஊர் என்று பெயர். அந்த ஊரில் ஒரு திருக்குறள் புத்தகத்துக்கு அலைய வேண்டி இருக்கிறதே என்று அவர் மனம் நொந்து போனார் என்கிறார்கள்.

இன்றைக்கு இதைக் கேட்டால் நம்புவது கஷ்டம். பஸ் நிலையத்தில் கூட குறள் புத்தகம் கிடைக்கிறது. அந்தக் காலம் அப்படி இல்லை. நிறைய நூல்கள் ஓலைச்சுவடியாகவே கிடந்தன. அச்சு ஏறியவையும் சில நூறு பிரதிகள்தான். வாங்கியவர்கள் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டார்கள். சுவடிகள் செல்லரித்துப் போயின. ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் விட்டவர்களும் உண்டு.

1901-ம் ஆண்டு மே மாதம் மதுரையில் சென்னை மாகாண மாநாடு நடந்தது. அதில்தான் தமிழுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்ற திட்டத்தை பாண்டித்துரை தேவர் எல்லோர் முன்னாலும் வைத்தார். அதற்குப்பிறகு 4 மாதம் கூட ஆகவில்லை, சங்கம் தொடங்கி விட்டது. பேச்சு பேச்சாகவே போகாமல் காரியம் நடந்தது அந்தக் காலத்துக்கு பெரிய வேகம்தான். இந்தக் காலத்துக்கும் சேர்த்துச் சொல்லலாம்.

இன்னொரு கதையும் உண்டு. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர், குறள்களில் எதுகை, மோனை சரியாக வரவில்லை என்று தானே திருத்தி ஒரு புத்தகம் போட்டு விட்டார். பாண்டித்துரை தேவர் அவரை நேரில் பார்த்து, இருக்கிற பிரதிகள் எல்லாவற்றையும் மொத்தமாக விலை கொடுத்து வாங்கினார். துரைக்கு ஏக சந்தோஷம். வாங்கிய பிரதிகளை தேவர் குழி தோண்டிப் போட்டு எரித்து விட்டார் என்பது கதை. புத்தகம் இல்லையே என்று வருந்தி சங்கம் வைத்தவரே புத்தகத்தை எரித்தார் என்பது கொஞ்சம் நெருடலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மேடைகளில் இந்தக் கதைக்கு கைதட்டல் குறைந்ததே இல்லை.

யார் இந்த பாண்டித்துரை?

பாண்டித்துரை தேவர் 1867-ம் ஆண்டு மார்ச் மாதம் 21-ந்தேதி பிறந்தார். இயற்பெயர் உக்கிர பாண்டியன். தந்தை பொன்னுசாமி தேவர் ராமநாதபுரம் சமஸ்தானத்தில் நிர்வாகம் பார்த்தவர், தமிழ்ப்புலவர்களை ஆதரித்தவர். யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையோடு திருக்குறளை பதிப்பித்ததற்கு பொன்னுசாமி தேவரின் ஆதரவு இருந்தது. ஆக, குறளுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் மகன் காலத்துக்கு முன்பே தொடர்பு இருந்திருக்கிறது.

தந்தை இறந்தபோது பாண்டித்துரைக்கு விவரம் தெரியாத வயது. காரியஸ்தர் பொறுப்பில் வளர்ந்தார். தமிழும், ஆங்கிலமும் தனித்தனி ஆசிரியர்களிடம் படித்தார். வயது வந்ததும் பாலவனத்தம் ஜமீன் பொறுப்பு கைக்கு வந்தது. பெயர்தான் பாலவனத்தம் ஜமீன்தார், வாசம் எல்லாம் பெரும்பாலும் ராமநாதபுரம்தான்.

உ.வே.சாமிநாத அய்யர் பழைய நூல்களைத் தேடித்தேடி அச்சிட்ட காலத்தில் பண உதவி செய்தவர்களில் பாண்டித்துரை தேவரும் ஒருவர். 1898-ம் ஆண்டு வெளிவந்த மணிமேகலை பதிப்புக்கு இவரது உதவி உண்டு.

வெளிவீதி என்றால் என்ன?

சரி, இனி நடைக்கு வருவோம். விருதுநகரில் இருந்து ரெயிலில் வருபவர்களுக்கு சவுகரியம். மதுரை ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் முன்னால் இருப்பது மேற்கு வெளிவீதி. இடது கைப்பக்கம் திரும்பி நடந்து, மூலையில் வலது பக்கம் திரும்பினால் வடக்கு வெளிவீதி. பள்ளிக்கு ஆட்டோ எல்லாம் வேண்டாம், நடந்து போகிற தூரம்தான். பஸ்சில் மாட்டுத்தாவணியில் இறங்குபவர்கள் சிம்மக்கல் போகிற டவுன் பஸ்சில் ஏறிக் கொள்ளலாம்.

மதுரையில் தெருக்களுக்கு மாதங்களின் பெயர். கோவிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கு அடுத்து மாசி வீதி. கடைசிச் சுற்று மட்டும் மாதப்பெயர் இல்லாமல் வெளிவீதி என்று இருக்கும். காரணம், அது ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்தது. நாயக்கர் காலத்து மதுரைக்கு கோட்டைச்சுவரும், சுற்றிலும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் மூச்சு முட்டுகிறது என்று சுவரை இடித்து, அகழியை மூட வைத்தார். அந்த இடத்தில் வந்தவைதான் வெளிவீதிகள். அப்போது வேலை பார்த்தவர்கள் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும், மாரட் வீதியும் இருக்கின்றன. கலெக்டரின் நினைவாக வைத்த விளக்கு பெயரில் விளக்குத்தூண் என்று ஒரு பகுதியே இருக்கிறது. ஜவுளி எடுக்க அங்கே போகாத அருப்புக்கோட்டைக்காரர் யாரும் இருக்க முடியாது.

அதனால்தான் மதுரையின் பழைய பள்ளிக்கூடங்கள், தபால் ஆபீஸ், ரெயில் நிலையம் எல்லாம் வெளிவீதியை ஒட்டியே இருக்கின்றன. உள்ளே கோவிலைச் சுற்றி நெருக்கமான வீடுகள். புதிதாக வந்த எதற்கும் வெளியேதான் இடம் கிடைத்தது. ரெயில் வந்தது 1875-ம் ஆண்டு. அதற்குப் பிறகு பட்டிக்காட்டுப் பிள்ளைகள் மதுரைக்கு வந்து படிப்பது கொஞ்சம் கொஞ்சமாக கூடியது.

102 நாள் வாத்தியார்

சேதுபதி பள்ளி, மதுரை கல்லூரியை நடத்தும் அதே நிர்வாகத்தின் கீழ் உள்ள பள்ளியாகும். பள்ளியில் பாரதியார் சிலை இருக்கிறது. பிறந்தநாள், நினைவுநாள் என்றால் மாலை போட கூட்டம் வரும்.

பாரதியார் இங்கே வேலை பார்த்தது 1904-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந்தேதி முதல் நவம்பர் 10-ந்தேதி வரை. கணக்கு போட்டால் 102 நாட்கள்தான். பள்ளியின் தமிழ் பண்டிதராக இருந்த சோழவந்தான் அரசன் சண்முகனார் விடுப்பில் போனதால் காலியான இடம் அது. நிரந்தர வேலை இல்லை. சம்பளம் பதினேழரை ரூபாய் என்று சொல்லப்படுகிறது. அப்போது பாரதியாருக்கு வயது 21. அதற்கு முந்தின மாதம்தான் மதுரையில் இருந்து வந்த விவேகபானு பத்திரிகையில் அவரது தனிமை இரக்கம் என்ற பாட்டு அச்சாகி இருந்தது. நவம்பரில் சென்னைக்கு ரெயில் ஏறியவர் சுதேசமித்திரனில் சேர்ந்தார். பிறகு நடந்ததெல்லாம் நாடறிந்த கதை.

102 நாள் வந்து போனவருக்கு சிலை இருக்கிறது. யாரும் குறை சொல்லப் போவதில்லை, அவர் பாரதியார். ஆனால் அவருக்கு இடம் விட்டுக் கொடுத்த அரசன் சண்முகனார் பெரிய இலக்கணப்புலி. தமிழ்ச்சங்கத்தோடு நெருங்கிய தொடர்பு உள்ளவர். அவரைப்பற்றி பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

தமிழ்ச்சங்கம் ரோடு

பள்ளியைப் பார்த்து விட்டு அப்படியே நடந்தால் பக்கத்திலேயே தமிழ்ச்சங்கம் ரோடு. ஸ்பேர் பார்ட்ஸ் கடை, லாட்ஜ், டீக்கடை என்று மற்ற ரோடுகளைப் போலத்தான் இருக்கும். பெயரை பஸ் நிறுத்தமாக மட்டும் நினைத்து போகிறவர்கள்தான் அதிகம். 1901-ல் பள்ளிக்கூடத்தில் பிறந்த சங்கம் இருப்பது இந்த ரோட்டில்தான்.

இங்கேதான் பாலவனத்தம் ஜமீன்தாரின் வேலை தெரிகிறது. சங்கம் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை கூடி பொன்னாடை போர்த்திக் கொள்வது என்று அவர் விட்டு விடவில்லை. புத்தகம் இல்லை என்பதுதானே பிரச்சினை? அதனால் முதலில் ஒரு நூலகம், பாண்டியன் புத்தகசாலை என்று பெயர். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அதற்கு செந்தமிழ் கலாசாலை. அச்சிட வேண்டும், அதற்கு சங்கத்துக்கு என்று தனி அச்சுக்கூடம். கண்டுபிடித்ததை நாலு பேருக்குச் சொல்ல செந்தமிழ் என்ற மாத இதழ். படித்தவர்களுக்கு தேர்வு வைத்து பண்டிதர் பட்டம். குறள் கிடைக்காத ஊரில் குறளை அச்சிடுபவர், விற்பவர், படிப்பவர், சொல்லிக்கொடுப்பவர் என்று மொத்த ஏற்பாட்டையும் ஒரே இடத்தில் கொண்டு வந்து விட்டார்.

செந்தமிழ் இதழ் 1902-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. ரா.ராகவையங்கார் முதல் ஆசிரியர். பிறகு மு.ராகவையங்கார் அந்தப் பொறுப்புக்கு வந்தார். இருவருமே ராமநாதபுரம் சீமையோடு தொடர்பு உள்ள புலவர்கள். ஓலையில் கிடந்த பல சிறு நூல்கள் இந்த இதழ் மூலமாகத்தான் முதல்முதலாக அச்சைப் பார்த்தன. பரிதிமாற்கலைஞர் தமிழை உயர்தனிச் செம்மொழி என்று வாதாடி எழுதியதும் இந்த இதழில்தான். தமிழ் செம்மொழி என்று மத்திய அரசு அறிவித்தது 2004-ம் ஆண்டு என்பது குறிப்பிடத்தக்கது. இடையில் நூறு ஆண்டுகள் ஓடி விட்டன.

கலாசாலை இப்போது செந்தமிழ் கல்லூரியாக இயங்கி வருகிறது. தமிழ் பட்டப்படிப்பு இங்கே உள்ளது. வெளியூர் கிராமங்களில் இருந்து வந்து படித்து, தமிழாசிரியராகப் போனவர்கள் பல பேர்.

வைகைக்கு அந்தப்பக்கம் உலகத் தமிழ்ச்சங்கம் என்று அரசு கட்டிய பெரிய கட்டிடம் ஒன்று இருக்கிறது. அது வேறு, இது வேறு. ஆட்டோவில் ஏறும்போது தமிழ்ச்சங்கம் என்று மட்டும் சொன்னால் அங்கே கொண்டுபோய் விட்டு விடுவார்கள். தமிழ்ச்சங்கம் ரோடு, செந்தமிழ் கல்லூரி என்று சேர்த்துச் சொல்வது நல்லது.

ஆயிரம் பக்க அகராதி

சங்கத்தின் வேலைகளில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையில் சிங்காரவேலு முதலியார் என்று ஒரு தமிழ் பண்டிதர். புராணம், இலக்கியம், ஊர், மன்னர், மருந்து, மரம் என்று தமிழில் வருகிற பெயர்களுக்கெல்லாம் விளக்கம் எழுதி பல ஆண்டுகளாக சேர்த்து வைத்திருந்தார். தனி ஆளாகச் செய்த வேலை. அச்சிட உதவி கேட்டு பல பேரிடம் போனார். பலன் இல்லை. கடைசியில் கை கொடுத்தவர் பாண்டித்துரை தேவர். 1910-ம் ஆண்டு மதுரை தமிழ்ச்சங்கம் மூலமாக அபிதான சிந்தாமணி வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். இன்றைக்கும் புத்தகக்கடைகளில் அதன் மறுபதிப்புகள் விற்கின்றன. பட்டிமன்ற பேச்சாளர்கள் பல பேர் மேடை ஏறுவதற்கு முன்னால் புரட்டுகிற புத்தகம் அதுதான்.

அடுத்த ஆண்டே, 1911-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி பாண்டித்துரை தேவர் காலமானார். வயது 44. பாஸ்கர சேதுபதி அதற்கு முன்பே 1903-ம் ஆண்டு டிசம்பரில் 35 வயதில் இறந்து போயிருந்தார். சங்கத்தை தாங்கிப்பிடித்த இருவருமே அரை நூற்றாண்டு வாழவில்லை.

கப்பலுக்கும் தலைவர்

தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ம் ஆண்டு சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கியதை பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பார்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்குகள். அந்த கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் பாண்டித்துரை தேவர். பாடப்புத்தகத்தில் வ.உ.சி.யின் பெயருக்கு கீழே இவர் பெயர் ஒரு வரியில் வந்தால் அதிகம். வெள்ளைக்காரன் கண்ணில் படும்படி ஒரு ஜமீன்தார் இப்படி பெயர் கொடுப்பது அன்றைக்கு சாதாரண விஷயம் அல்ல. ஜமீனே வெள்ளைக்காரன் கொடுத்த பட்டாவில் நடந்து கொண்டிருந்தது.

யார் வீட்டு பணம்?

இவ்வளவும் கேட்ட பிறகு ஒரு கேள்வி வரும். புத்தகசாலைக்கும், கலாசாலைக்கும், கப்பலுக்கும் போன பணம் எங்கிருந்து வந்தது?

ராமநாதபுரம் சீமை 1803-ல் கும்பெனியார் காலத்தில் ஜமீன் ஆனது. அதற்குள் அடங்கிய சின்ன ஜமீன்களில் ஒன்று பாலவனத்தம். குடிகள் உழுது, விளைந்ததில் ஜமீனுக்கு வாரமோ, பணமாக தீர்வையோ கட்ட வேண்டும். ஜமீன் அதில் ஒரு தொகையை சர்க்காருக்கு கட்டும். மிச்சம்தான் ஜமீன்தாரின் வருமானம். இந்தப் பக்கம் ஆற்றுப்பாசனமோ, அணையோ கிடையாது. கம்பு, சோளம், பருத்தி, மல்லி, மிளகாய். எல்லாம் வானம் பார்த்த வெள்ளாமை. 1876 முதல் 1878 வரை தாது வருஷ பஞ்சம் வந்தபோது தென்சீமை மக்கள் புல்லையும், கிழங்கையும் தேடி அலைந்தார்கள். இலங்கை தேயிலைத் தோட்டங்களுக்கு கப்பல் ஏறியவர்களும் உண்டு.

அந்தக் கரிசல் காட்டில் இருந்து வந்த பணம்தான் மதுரையில் புத்தகமாக மாறியது. மற்ற ஜமீன்களில் அதே மாதிரி பணம் நாட்டியக் கச்சேரிக்கும், குதிரைக்கும், கோர்ட் வழக்குக்கும் போனது. பாலவனத்தம் ஜமீன்தார் அதை தமிழுக்குக் கொடுத்தார் என்பது பெரிய விஷயம்தான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தீர்வை கட்டிய சம்சாரி வீட்டுப் பிள்ளை அந்தப் புத்தகசாலைக்குள் நுழைய முடிந்ததா என்று கேட்டால் பதில் அவ்வளவு சந்தோஷமாக இருக்காது. அந்தக் காலத்தில் படிப்பு என்பது எல்லோருக்கும் இல்லை. 1948-ம் ஆண்டு சட்டத்தால் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டன. ஜமீனும் போனது, தீர்வையும் போனது. அந்தப் பணத்தில் வளர்ந்த சங்கம் மட்டும் இன்றும் நிற்கிறது. இப்போது அதன் கல்லூரியில் எந்த வீட்டுப் பிள்ளையும் சேரலாம். தாத்தாவுக்கு தாத்தா கட்டிய தீர்வைக்கு பேரப்பிள்ளைகள் ரசீது வாங்கிக்கொள்ளலாம் என்றால் அது இங்கேதான்.

சிம்மக்கல், யானைக்கல்

தமிழ்ச்சங்கம் ரோட்டை ஒட்டியே திலகர் திடல் உள்ளது. சுதந்திரப் போராட்ட காலத்தில் இருந்தே பொதுக்கூட்டங்களுக்கு பெயர் போன இடம். பழைய இரும்பு, டூல்ஸ், மோட்டார், சைக்கிள் சாமான் விற்கிற ஞாயிறு சந்தை என்றாலும் மதுரைக்காரர்கள் இந்த இடத்தைத்தான் சொல்வார்கள். மோட்டார் பம்புக்கு ஒரு நட்டு கிடைக்கவில்லை என்றால் விருதுநகர் பக்கம் இருந்து கூட இங்கே தேடி வருவது வழக்கமாக இருந்தது.

அதைத் தாண்டினால் சிம்மக்கல். கல்லில் செய்த சிங்கச்சிலையால் வந்த பெயர். மாவட்ட மைய நூலகம் இங்கேதான் இருக்கிறது. குறள் கிடைக்கவில்லை என்று சங்கம் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே இப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே போய் குறள் படிக்கலாம், காசு கிடையாது. அரசு வேலை பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடித்து விடுவார்கள்.

அருகில் பழைய சொக்கநாதர் கோவில் இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோவிலின் கூட்டத்தில் சிக்காமல் அமைதியாக சாமி கும்பிட நினைப்பவர்கள் இங்கே வரலாம். இன்னும் வடக்கே போனால் யானைக்கல். இங்கே கல் யானை. அதற்கு அடுத்து வைகை. 1889-ம் ஆண்டு திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் குறுக்கே போகிறது. பாலத்தில் நின்று கீழே பார்த்தால் பெரும்பாலான நாட்கள் மணலும், புல்லும், நடுவில் ஒரு கோடு தண்ணீரும்தான். நம்ம ஊர் கண்மாயைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. சித்திரை திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது மட்டும் இந்த இடத்தில் எள் போட்டால் கீழே விழாது.

திருச்சுழி பையன்

கரிசல் காட்டில் இருந்து மதுரைக்குப் படிக்க வந்தவர்கள் என்று பேச்சு வந்தால் இன்னொருவரை விட முடியாது. திருச்சுழியில் 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி பிறந்த வெங்கட்ராமன். தந்தை இறந்ததும் 1892-ல் மதுரைக்கு சித்தப்பா வீட்டுக்கு வந்தார். சொக்கப்ப நாயக்கன் தெருவில் வீடு. ஸ்காட் நடுநிலைப்பள்ளியிலும், பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளியிலும் படித்தார். படிப்பில் சுமார், பந்து விளையாட்டில் கெட்டி.

1896-ம் ஆண்டு ஜூலையில் அந்த வீட்டு மாடியில் அவருக்கு மரண பயம் வந்தது. அடுத்த மாதம் 29-ந்தேதி, பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னார். போகிற வழியில் என் காலேஜ் பீசையும் கட்டி விடு என்று அண்ணன் சொன்னதால் 5 ரூபாய் கைக்கு வந்தது. அதில் ரெயிலுக்கு 3 ரூபாய் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்து விட்டு ஜங்ஷனுக்கு நடந்தார். போய்ச் சேர்ந்தது திருவண்ணாமலை. அவர்தான் ரமண மகரிஷி. அந்த வீடு இப்போது ரமண மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோவில் தெற்கு கோபுரத்துக்கு அருகில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அங்கிருந்து மேலமாசி வீதிக்கும் எட்டிப் பார்த்து விடலாம். 1921-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி காந்தியடிகள் சட்டையைக் கழற்றி முழங்கால் வேட்டிக்கு மாறியது அந்த வீதியில் உள்ள ஒரு வீட்டில்தான். அங்கே கதர் கடை உள்ளது.

எப்போது போகலாம்?

காலையில் பள்ளி தொடங்குகிற நேரத்திலும், சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்திலும் வடக்கு வெளிவீதி பக்கம் போக வேண்டாம். பிள்ளைகள், சைக்கிள், ஷேர் ஆட்டோ என்று நெரிசலில் எதையும் பார்க்க முடியாது. பள்ளிக்குள் போக வேண்டும் என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். வெளியில் இருந்து பார்ப்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். நூலகமும், கல்லூரியும் வேலைநாளில்தான் பார்க்க முடியும். கோவில் மதியம் நடை சாத்தி விடுவார்கள் என்பதால் பழைய சொக்கநாதரை காலையிலேயே கும்பிட்டு விடுவது நல்லது.

பள்ளி, தமிழ்ச்சங்கம் ரோடு, திலகர் திடல், சிம்மக்கல், யானைக்கல் என்று இதே வரிசையில் நடந்தால் அரை நாள் போதும். ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டு விட்டு காத்திருக்கிற நேரத்தில் கூட பள்ளியையும், சங்கத்தையும் மட்டும் பார்த்து வந்து விடலாம்.

ஊர் திரும்ப அருப்புக்கோட்டை பஸ் மாட்டுத்தாவணியில் இருந்து கிடைக்கும். காரியாபட்டி வழியாகப் போய் அருப்புக்கோட்டையில் இறங்கி, விருதுநகர் பஸ்சில் மாறினால் பாலவனத்தம் வந்து விடும்.